சட்டத்துக்கு உட்பட்ட டெக்

பாமன்கடையில் பின்வளவு என்றால் உடுப்புக் கொடி, தண்ணித் தாங்கி, அயல்வீட்டுப் பூனை, அவ்வளவுதான். அதற்குள் 10 அடிக்கு 12 அடியில் மரத்தால் ஒரு டெக் அடிக்கும் யோசனை, ஸ்காபரோவில் இருக்கும் மச்சானிடமிருந்து வட்ஸ்அப்பில் வந்திறங்கியது. மேல் பலகையை யாரும் அடிப்பான், கீழ்ச்சட்டம்தான் சங்கதி என்பது அவன் உபதேசம். அங்கே தூணுக்கு 4 அடி ஆழம் கிண்டவேண்டும். குளிரில் நிலம் உறைந்து பொங்கித் தூணைத் தூக்கிவிடுமாம். இங்கே 4 அடி கிண்டினால் கால்வாய் எட்டிப் பார்த்துச் சுகம் விசாரிக்கும்.

"சதுர அடிக்கு 40 இறாத்தல் தாங்கவேணும் அத்தான். 2க்கு 6 மரம், 16 அங்குலத்துக்கு ஒண்டு" என்றான். பெருக்கினால் 4,800 இறாத்தல். ஆளுக்கு 150 என்றாலும் 32 பேர்.

"32 பேரை மரம் தாங்கும். என்ர கேஸ் சிலிண்டர் தாங்குமோ?" என்றாள் மனைவி.

என்ன மரம் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "பனந்தீராந்தி போடடா. ஊர் வீட்டில அப்பு போட்டது, இன்னும் கறையான் பல்லு வைக்கேல்லை." அதுவும் வைரம் பாய்ந்த பெண்பனையாக இருக்கவேண்டுமாம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பலா, ஈரப்பலாவோடு பெண்பனையையும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்கிறது. ஆண்பனையைப் பற்றி மூச்சில்லை. வீட்டு ஆண்களின் பெறுமதி அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது.

முதிரை கேட்டேன். மரக்காலைக்காரர் முதலில் கதிரையைப் போட்டு இருத்திவிட்டுத்தான் விலையைச் சொன்னார்.

உயரம்தான் பெரிய வழக்கு. மச்சானின் படத்தில் தரைக்கும் சட்டத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. கொழும்பில் அந்தச் சாணுக்குள் நுளம்பு குடும்பம் நடத்தும். டெங்கு பார்க்க வரும் பீ.எச்.ஐ. குனிந்து டோர்ச் அடிப்பார். ஒரு சிரட்டையில் தண்ணீர் நின்றாலும் நீதிமன்றம். ஆகவே சட்டத்தின் உயரத்தைத் தீர்மானித்தது பொறியியல் அல்ல, பீ.எச்.ஐ.யின் இடுப்பு.

கடைசியில் மொறட்டுவையிலிருந்து பாஸ் வந்தார். காதில் பென்சிலோடு படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "பிளான் ஷோக், மாத்தயா. ஆனா மே மாசம் மழை வாற, மரம் போற. மேலுக்கு ஒரு ஷீட் போடுவம்."

கூரை வந்தால் தூண் பருக்கவேண்டும். தூண் இவ்வளவு பருமன் என்றால் சுவரையும் வைத்தாலென்ன என்றார் அம்மா. வெள்ளவத்தை கூப்பிடு தூரம். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் அறை தேடி அலைகிறார்கள். பாத்ரூமோடு ஒரு அனெக்ஸ் என்றால் வாடகை நன்றாக வரும் என்றாள் மனைவி.

2க்கு 6 மரத்தின்மேல் கொமட் நிற்குமா என்று மச்சானிடம் கேட்டிருக்கிறேன். நீலச் சரி இரண்டும் விழுந்துவிட்டன, பதில்தான் இல்லை.