ஷார்ஜா தொகுதியில் ஓ.என்.வி. ஜெயித்த கதை

1989 பொதுத்தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதியில் கவிஞர் ஓ.என்.வி. குறுப்பு ஜெயித்தார் என்று நான் சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் ஓட்டு எண்ணியவர்களில் நானும் ஒருவன். ஷார்ஜாவில் ரோலாவுக்குப் பின்னால், அடுக்குக் கட்டிலில் ஆள் மேல் ஆளாகப் படுத்துக் கிடந்த எங்கள் அறையில், காலி நீடோ பால்பொடி டப்பாவின் மூடியைக் கறிக்கத்தியால் கீறிப் பெட்டியாக்கி, வெள்ளிக்கிழமை பிரியாணிக்கும் மத்தியானத் தூக்கத்துக்கும் நடுவே வாக்குப்பதிவு நடத்தினோம். காட்டாக்கடைக்காரர் ஒருவர் தேர்தல் அதிகாரி. திருவனந்தபுரம் சாலை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகனான நான் அவருக்கு உதவி. கவிஞருக்கு அமோக வெற்றி. ஊரில் என்னவோ காங்கிரஸின் ஏ. சார்லஸ்தான் ஜெயித்தார். எங்கள் அறை அந்த முடிவைக் கடைசிவரை அங்கீகரிக்கவில்லை.

முடிவை ரேடியோ சொல்லிவிடும் என்பது உண்மைதான், ஆனால் ரேடியோ எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லும். கரமனைப் பாலத்தருகே எந்தக் கட்சி ஊர்வலம் எந்தக் கட்சி ஊர்வலத்தோடு முட்டிக்கொண்டது, சாயாக்கடையில் பந்தயம் கட்டித் தோற்றவர் மீசையை எடுத்தாரா இல்லையா என்பதெல்லாம் அப்பாவின் கடிதம் வந்தால்தான் தெரியும். கடையின் பற்றுச்சீட்டுக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் அவர் எழுதியனுப்பும் அந்தத் தேர்தல் மலர், தபாலிலோ லீவு முடிந்து திரும்புகிறவர் பையில் அச்சப்பத்துக்கும் நேந்திரங்காய் உப்பேரிக்கும் நடுவிலோ வந்து சேர்வதற்குள் மந்திரிசபையே பதவியேற்றிருக்கும். நாங்கள் கவலைப்படவில்லை. கடிதத்தை ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, ஆறிப்போன தேர்தலைத் திரும்பவும் சூடாக்கிச் சண்டை போடுவார்கள். இன்று துபாயில் இருக்கிற என் தங்கை மகன், கரமனையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு முன்பே, சுற்று வாரியாக முன்னிலை நிலவரத்தைப் போனில் பார்த்துவிட்டு எனக்கே செய்தி அனுப்புகிறான். எல்லாம் உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது. சண்டை போடத்தான் ஆளில்லை, ஒவ்வொருவரும் தனி அறையில் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஓட்டு இல்லை என்று சொன்னேனா? சட்டப்படி இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமானால் அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிக்க வேண்டும். வேலைக்காகக் கடல் கடந்தவன் வழக்கமாக வசிக்காதவன். ஆனால் பட்டியலிலிருந்து பெயரை நீக்க யாரும் மெனக்கெடாததால், என் பெயர் பள்ளிக்கூடத்துச் சாவடியில் பத்திரமாக இருந்தது, அதற்கு எதிரே யாரோ ஒரு புண்ணியவான் தேர்தல் தவறாமல் மையும் வைத்துக்கொண்டார். ‘உன் ஓட்டு காலையிலேயே விழுந்தாச்சாம்’ என்று அம்மா ஒருமுறை எழுதியிருந்தாள், நான் ஏதோ நல்ல பழக்கம் கற்றுக்கொண்டதைப் போன்ற பெருமிதத்தோடு.

எனக்கோ ரத்தம் கொதித்தது. இருபத்தெட்டு வயது ரத்தம். கல்ஃபில் இருப்பவர்களுக்கென்று தனியாக ஒரு எம்.பி. வேண்டும் என்று தேர்தல் ஆணையத்துக்கு மகஜர் ஒன்று தயாரித்தேன். தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் எழுதி, மலையாளத்தில் திட்டு வாங்கிய மகஜர் அது. அறைவாசிகள் அனைவரும் கையெழுத்திட்டார்கள். அந்த எம்.பி. யார் என்பதை மட்டும் மகஜரில் நான் சொல்லவில்லை, ஆனால் அதே வாரம் ஸ்டுடியோவுக்குப் போய், முழுக்கை வெள்ளைச் சட்டையில், கொஞ்சம் தூரத்தில் தெரியும் எதிர்காலத்தைப் பார்ப்பதுபோல் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். படம் பிறகு பெண் பார்க்க உதவியது.

அந்த இளைஞன் கேட்டது மொத்தமும் வீண் கனவு என்று சொல்ல முடியாது. போர்ச்சுகலில் வெளிநாடுவாழ் குடிமக்களுக்கென்று 4 உறுப்பினர்கள் அப்போதே இருந்தார்கள். பிரான்ஸ் 2012 முதல் 11 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. இத்தாலியில் ஒரு தொகுதியின் பெயரே ஆப்பிரிக்கா, ஆசியா, ஓஷியானியா, அண்டார்டிகா. பென்குவின்களின் நடுவே தனியாக நிற்கும் இத்தாலியனுக்கும் ஓர் எம்.பி. உண்டு என்று அர்த்தம். நம்மிடம் 2010-ல் சட்டம் திருத்தி, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், அதில் உள்ள முகவரியின் தொகுதியில், 6ஏ படிவம் நிரப்பிப் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப்போட மட்டும், அசல் பாஸ்போர்ட்டோடு அந்தச் சாவடிக்கே நேரில் வர வேண்டும். அதாவது உரிமை இலவசம், விமான டிக்கெட் தனி.

2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் 1,19,374 பேர் இப்படிப் பதிவு செய்திருந்தார்கள். அவர்களில் 89,839 பேர் கேரளத்தார். வந்து ஓட்டுப் போட்டவர்கள் மொத்தம் 2,958. அதில் 2,670 பேர் நம் மாநிலம். மலபார் பக்கத்துக்காரர்கள் கூட்டாக டிக்கெட் எடுத்து ஓட்டு விமானமே விட்டார்கள், அதற்காக அவர்களைக் கும்பிட வேண்டும். இடையில் 2018 ஆகஸ்டில், வெளிநாட்டில் இருப்பவருக்குப் பதில் ஊரில் இருக்கும் ஒருவர் ஓட்டுப் போடலாம் என்ற மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் மறு வருடம் காலாவதியானது. டில்லியில் இதைப் பெரிய புதுமையாக விவாதித்தார்கள். எங்கள் சாவடியில் அது எண்பதுகளிலேயே அமலில் இருந்ததே!

இதில் இன்னொரு வேடிக்கை எங்கள் தொகுதியின் குணம். 1971-ல் இங்கே ஜெயித்த வி.கே. கிருஷ்ண மேனன் இருபதுகளின் நடுவிலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் லண்டனில் இருந்தவர், அங்கே செயின்ட் பாங்கிராஸில் கவுன்சிலராகவும் இருந்தவர். 2009 முதல் எங்கள் எம்.பி.யான சசி தரூர் ஐ.நா. சபை வேலையில் கிட்டத்தட்ட முப்பது வருடம் வெளியே கழித்தவர். வெளிநாட்டில் வாழ்ந்தவரைப் பிரதிநிதியாக்க எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. வெளிநாட்டில் வாழ்பவனுக்குத்தான் பிரதிநிதியைக் காணோம். நான் அந்த வெள்ளைச் சட்டைப் படத்தோடு ஷார்ஜாவுக்குப் பதில் ஜெனீவாவில் இருந்திருக்க வேண்டும்.

எம்.பி. கிடைக்கவில்லை என்றாலும் நாற்காலி கிடைத்தது. 2018 ஜனவரியில் லோக கேரள சபை கூடியது. எம்.எல்.ஏ.க்கள், எம்.பி.க்களோடு உலகின் மூலைமுடுக்கிலிருந்து அரசு நியமித்தவர்களும் சேர்ந்து 351 பேர், பாளையத்தில் சட்டமன்ற வளாகத்திலேயே. கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து வந்த பெருவணிகர்களைப் பார்க்கக் கம்பீரமாக இருந்தது. பேசலாம், யோசனை சொல்லலாம், மனுக் கொடுக்கலாம்; சட்டம் இயற்ற முடியாது. எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது, பழசு என்றால் என் தாத்தா காலத்துப் பழசு. அங்கிருந்து நடக்கிற தூரத்தில், இன்று அய்யன்காளி ஹால் என்று பெயர் மாறியிருக்கும் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில், 1904-ல் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியது. நிலவரி கூடுதலாகக் கட்டுகிறவர்களும் வியாபாரிகளும் திவானின் முன்னால் குறைகளைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அன்று வரி கட்டியவருக்கு நாற்காலி, இன்று பணம் அனுப்பியவருக்கு. மனுவை அவ்வளவு கேவலமாகவும் நினைத்துவிட வேண்டாம், தலித் தலைவர் அய்யன்காளி அந்தச் சபையில் எழுந்து நின்றுதான் தம் மக்களுக்கு நிலமும் பள்ளிக்கூடமும் கேட்டார், கொஞ்சம் வாங்கியும் காட்டினார்.

நான்காவது முறை லோக கேரள சபை கூடவிருந்த சமயம், 2024 ஜூன் 12 விடியற்காலையில், குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்து, நாற்பதுக்கு மேற்பட்ட இந்தியர்கள் செத்துப்போனார்கள். பாதிப்பேர் கேரளத்தார். டிவியில் கரிந்த ஜன்னல்களைக் காட்டினார்கள். அடுக்குக் கட்டில், கயிற்றில் தொங்கும் கைலி, ஒரே அடுப்பு: எனக்கு அந்த அறையின் உள்பக்கத்தை யாரும் காட்ட வேண்டியதில்லை. அந்த மாதிரி அறைகளிலிருந்து சபைக்கு எத்தனை பேர் நியமனமாகியிருப்பார்கள் என்று அன்றைக்கு யோசித்தேன்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்று சொல்லி எங்கள் தெருவுக்கும் படிவம் வந்தது. கொண்டுவந்த பெண் என் தங்கை மகன் பெயரைப் படித்து, ‘ஆள் எவிடெ?’ என்றாள். துபாய் என்றேன். அவனிடம் போனில் சொன்னதும் பையன் உடனே டிக்கெட் விலையைத் தட்டிப் பார்த்தான்.

“மாமா, ஓட்டுக்குக் காசு வாங்குறவங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். ஓட்டுப் போட இவ்வளவு காசு கட்டுறது நான் மட்டும்தான் இருப்பேன்.”

“அப்போ வரலையா?”

“நீங்க போவீங்கல்லா? என் கட்சிக்கு ஒண்ணு குத்திருங்க.”

சரி என்றேன். அவன் கட்சிக்கும் எனக்கும் 1989-லிருந்தே ஆகாது என்பதை அவனிடம் சொல்லவில்லை.