வாசலில் நின்றவனுக்கு வாழ்த்துகள்

எனக்குக் குழந்தை பிறந்ததற்கு வாழ்த்துச் சொன்ன அனைவருக்கும் நன்றி. மனைவிக்கு வலி எடுத்ததிலிருந்து, துணியில் சுற்றிய குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டியதுவரை நான் வாசலில் நின்றேன், கேட்டபோதெல்லாம் பணம் கட்டினேன், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இதற்காக என் கையைக் குலுக்கி, தோளில் தட்டி, 'சாதிச்சுட்டீங்க சார்' என்றார்கள். பெற்றவளிடம் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "பால் சுரக்குதா?"

வலி எடுத்தபோது அனுஷம் நடந்துகொண்டிருந்தது. அதைக் கவனித்தவர் என் பெரியப்பா. அனுஷம் போய்க் கேட்டை வந்தது, குழந்தை வரவில்லை. உள்ளே கர்ப்பப்பை வாய் திறப்பதைச் சென்டிமீட்டரில் அளந்துகொண்டிருந்தார்கள். வெளியே பெரியப்பா நட்சத்திரத்தில் அளந்துகொண்டிருந்தார். கேட்டையும் முடிந்து மூலம் பிறந்துவிட்டால்? ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருப்பதால், அரசாட்சி, நிர்மூலம் இரண்டுக்கும் குடும்பம் தயாராக வேண்டியிருந்தது. மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாதாம். எங்கேயோ ஓர் ஊரில் இன்னும் கல்யாணமே ஆகாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞன், என்றைக்கோ எங்களுக்குச் சம்பந்தியாகப் போகிறவன், அவனுடைய ஆயுளுக்காக அந்தத் தாழ்வாரத்தில் அத்தனை பேர் கவலைப்பட்டார்கள். கதவுக்குப் பின்னால் அலறிக்கொண்டிருந்தவளின் ஆயுள் பஞ்சாங்கத்தில் இல்லை.

"டாக்டர்கிட்ட சொல்லி ஆறே காலுக்குள்ள எடுத்துடச் சொல்லுப்பா." பெரியப்பா இதைச் சொன்ன தோரணையில், பேருந்தில் மேலே வைத்த பெட்டியைத்தான் எடுக்கச் சொல்கிறாரோ என்று நினைத்தேன்.

முதல் பிரசவம் நேரம் எடுக்கும். ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகும் பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகலாம், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று எல்லா உடம்பும் கணக்காகத் திறக்காது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் எழுதி வைத்திருக்கிறது. தண்ணீர் குடிக்கக் கொடுக்கலாம், விருப்பப்பட்ட துணை ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், எழுந்து நடக்கலாம் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. என் மனைவியை மல்லாக்கப் படுக்கவைத்து, வலி வர ஊசி ஏற்றி, தண்ணீர் கேட்டதற்கு உதட்டை நனைத்துவிட்டார்கள். கத்தியதற்குக் கிடைத்த ஆறுதலை வீட்டுக்கு வந்தபின் அவளே சொன்னாள்: "படுக்கும்போது இனிச்சுதுல்ல? இப்ப எதுக்கு ஊரைக் கூட்டுற?" தமிழ்நாட்டில் எந்தத் தாயிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், அவளுக்கோ அவள் அக்காவுக்கோ இந்த வசனம் தெரிந்திருக்கும். மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனிப் பாடம் இல்லை. ஆனாலும் தலைமுறை தவறாமல் எல்லா வார்டுகளிலும் ஒரே வார்த்தைகளில் ஒப்பிக்கிறார்கள்.

திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரியில் வெள்ளம், பேறுகாலத்துக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டாள், மகள் ரத்னாவதிக்கு வலி கண்டுவிட்டது. சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். நல்லவேளை, பெண் வேடத்தில் வந்தார். சொந்த உருவில் வந்திருந்தால் எங்கள் மருத்துவமனைக் காவலாளி, "ஜென்ட்ஸ் உள்ள போகக் கூடாது சார், மாட்டை பார்க்கிங்ல விட்டுட்டு அங்க உக்காருங்க" என்றிருப்பார். மத்திய அரசுக்கும் இந்தப் புராணம் தெரிந்திருக்க வேண்டும். 2016இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு அனுமதி கொடுத்தபோது, ஏற்கெனவே பிள்ளை பெற்ற உறவுக்காரப் பெண் வரலாம் என்றது. மறைவுக்கு வசதி இருந்தால் கணவனையும் விடலாம் என்றது. மறைவு என்றால் இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். நான் நின்றது தனியார் மருத்துவமனை. முகப்பில் பளிங்கு விநாயகர், அவருக்குப் பின்னால் செயற்கை அருவி. திரைச்சீலைக்கு மட்டும் வழியில்லையாம்.

துணைக்கு உள்ளே போகத் தகுதியில்லாத நான், திடீரென்று அவசியமான ஆளாகிப் போனேன். "சிசேரியன்தான் சார். கையெழுத்துப் போடுங்க." அவளிடம் கேட்டீர்களா என்றேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே ஹஸ்பண்ட்?"

என் மனைவி வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. அவள் கையெழுத்தை நம்பித்தான் பல பேர் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். அவள் வயிற்றைக் கீற அந்தக் கையெழுத்துப் போதாது. இத்தனைக்கும் அவள் மயக்கத்தில் இல்லை, முழு நினைவோடு கத்திக்கொண்டிருந்தாள். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது: வயது வந்த, சுயநினைவுள்ள நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் சம்மதம் கொடுக்க முடியாது, உடனே செய்யாவிட்டால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற அவசரம் இருந்தாலொழிய. அந்த வழக்கில் சம்மதித்தது பெற்ற தாய், அதுவே செல்லவில்லை. இங்கே தாலி கட்டியவன் கையெழுத்து பட்டா மாதிரி செல்லுகிறது.

சிசேரியன் கூடாது என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள். என் மனைவிக்கும் அது தேவைப்பட்டிருக்கலாம். ஏன் என்று அவளிடம் இரண்டு வாக்கியம் சொல்ல யாருக்கும் நேரமில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8. இத்தனை வயிறுகளைத் திறக்கும் ஊரில் வாயைத் திறந்து விளக்கம் சொல்வதுதான் கடினமான அறுவைச் சிகிச்சை போலிருக்கிறது.

தியேட்டர் காலியானபோது மூலம் தொடங்கிவிட்டது. பெண் குழந்தை. பெரியப்பா சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார். குழந்தையைக் கொண்டுவந்து காட்டிய ஆயாவுக்குக் கொடுக்க வேண்டிய தொகையிலும் ஒரு முறை இருக்கிறது: ஆண் என்றால் முழுசு, பெண் என்றால் பாதி. நிர்மூலத்துக்கு ஐம்பது சதவீதத் தள்ளுபடி. அலுவலகத்தில் விடுப்புக் கேட்டேன். மத்திய அரசு ஊழியராக இருந்தால் அப்பனுக்குப் பதினைந்து நாள் உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் தாய்க்கு 26 வாரம் கொடுத்தது. என்னைப் போன்ற தனியார் ஊழியனுக்கு ஒரு நாளும் ஒதுக்கவில்லை. "பெத்தது உங்க வொய்ஃப்தானே?" என்றார், காலையில் 'சாதிச்சுட்டீங்க' என்று செய்தி அனுப்பிய அதே மேலாளர்.

தாழ்வாரத்தில் என்னோடு காத்திருந்தவர் லோடுமேன். அவர் மனைவிக்கு இரண்டாவது பிரசவம், அதுவும் சிசேரியன். நர்ஸ் படிவத்தை நீட்டி, "ரெண்டு ஆயிடுச்சுல்ல, கையோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாம், போடுங்க" என்றார். கருத்தடைக்குத் துணையின் சம்மதம் வேண்டியதில்லை என்பது அரசின் விதி. அந்த மனிதர் தயங்கி, "அவளை எதுக்கு மறுபடி... நான் பண்ணிக்கலாமாங்க?" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார். அதே குடும்பநல ஆய்வின்படி நாடு முழுக்க மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டிருக்கும்போது அவர்களுடைய கணவன்மார் வெறும் 0.3 சதவீதம், பாவம், அப்படி ஓர் ஆளை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். லோடுமேனின் அம்மா எழுந்து வந்தார்.

"கிறுக்கா உனக்கு? மூட்டை தூக்குற உடம்புடா. கத்தி பட்டா என்னத்துக்கு ஆகும்? அவ வீட்டுல சும்மாதான கெடக்கா."

மருமகளுக்கு அப்போதுதான் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் என்னிடம் பேனா இரவல் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.