மனசுக்குப் பயிற்சியாம், மருமகனே!

என்ன மருமகனே, சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக் கிளம்பிட்டீரு? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மனநலத்தப் பாத்துக்கிட வாத்தியாருமாருக்குப் பயிற்சியா? நல்லாப் போயிட்டு வாரும். கழுத்துல அட்டை மாட்டுவாக. ஃபைலும் பேனாவும் குடுப்பாக. குத்துவிளக்கு ஏத்தி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாட போத்தி, போட்டோ எடுத்து முடிக்கையில அரை நாளு போயிரும். கெடக்குறது கெடக்கட்டும், கிழவியத் தூக்கி மணையில வைன்னானாம் ஒருத்தன். பிள்ள மனசு ஓரத்துல நிக்கும். பிளக்ஸ் பேனரு நடுவுல நிக்கும்.

பயிற்சியே வேண்டாங்குறேன்னு நெனச்சிராதேயும். விசாகப்பட்டினத்துல நீட் கோச்சிங் போன பிள்ள செத்த வழக்குல, சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜூலையில தெளிவாச் சொல்லியாச்சு. 100 பிள்ளைகளோ அதுக்கு மேலயோ படிக்கிற இடம்னா ஒரு மனநல ஆலோசகராவது வேணும். வேல பாக்குற அத்தன பேருக்கும் வருசத்துக்கு ரெண்டு தடவையாவது பயிற்சி வேணும். அத்தன பேருன்னா யாரு? சாக்பீஸ் புடிக்கிறவுக மட்டுமா? பாடம் நடத்தாத ஊழியரும் அதுல உண்டு.

சரி, உம்ம பள்ளிக்கூடத்துலருந்து யாரக் கூட்டிட்டுப் போறீரு? சத்துணவு ஆயாவ? வாட்ச்மேன? அவுகள டீ கொண்டாரச் சொல்லி வாசல்ல நிறுத்தியிருப்பீரு! ஏழாப்புப் பிள்ள ஒருத்தி முட்டையத் தொடாம, தட்டோட அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிப் போறா. நேத்தும் அப்படித்தான். பக்கத்துல ஒக்காருற கூட்டாளியையும் காணல. இத உம்ம வருகைப் பதிவேடு சொல்லுமா? அதுல அவ 'உள்ளேன் ஐயா'தான். கரண்டி புடிச்ச ஆயாவுக்குத்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2011-ல மனசுக்கான முதலுதவின்னு ஒரு கையேடு போட்டுச்சு. அதுல சாரம் மூணுதான்: பாரு, கேளு, சேத்துவிடு. பாக்குறத ஆயா தெனமும் செய்யுதா. கேக்குறதுதான் உமக்குக் கஷ்டம். வாத்தியாரு வாயி சும்மா இருக்குமா? பிள்ள ரெண்டு வார்த்த சொல்லதுக்குள்ள, "உன் வயசுல நாங்கல்லாம்..."னு ஆரம்பிச்சிருவீரே! பொறவு எங்கிட்டு அது வாயத் தொறக்கும்?

"அந்தக் காலத்துல இந்த மனச்சோர்வெல்லாம் இருந்துச்சா?"ன்னு என் வயசுக் கிழடுக திண்ணையில ஒக்காந்து பேசும். நம்பாதேயும். எல்லாம் இருந்துச்சு. பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலையால அடிச்சாக. திமிருன்னு பிரம்பால அடிச்சாக. எந்த அடியில எவனுக்குக் கொணமாச்சு? 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைய அடிக்கவும் கூடாது, மனசு நோகடிக்கவும் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கு. பிரம்பக் கீழ போட்டீரு, சரி. நாக்கக் கீழ போட்டீரா? காலையில மனச்சோர்வுக்கு அறிகுறி என்னன்னு நோட்டுல எழுதிக்கிடுறது. மக்காநாளு மார்க்க வாசிக்கையில, "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு"ங்குறது. மாடு மேய்க்கிறது லேசுன்னு எவன் சொன்னான் உமக்கு?

ஆனா ஒண்ணு, வெறும் அனுபவத்துக்குத் தெரியாத சங்கதியும் உண்டு. அதக் காது குடுத்துக் கேட்டுட்டு வாரும். "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராக் கேட்டா, இல்லாத நெனப்ப நாமளே ஊட்டின மாதிரி ஆயிரும்னு ஊரு பயப்படும். அப்படி ஆகாதுன்னு வைத்தியருமாரு சொல்லுதாக. பக்குவமாக் கேட்டா பிள்ளைக்குப் பாரந்தான் எறங்கும். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்"னு சத்தியமும் பண்ணிராதேயும். உசுரு சம்பந்தப்பட்டதுன்னா சொல்லித்தான் ஆகணும். காலு முறிஞ்சவன ஆசுபத்திரியில சேக்குறதுதான் உம்ம வேல, மாவுக்கட்டு போடுறது இல்ல. ரெண்டு நாளு பயிற்சிய முடிச்சிட்டு டாக்டர் வேசம் கட்டிராதேயும். மனநல உதவிக்கு 14416-னு டெலி மானஸ் நம்பரு இருக்கு. 2022 அக்டோபர்லருந்து நடக்கு. ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாக, தமிழ்லயே பேசலாம், காசும் கெடையாது. அத வகுப்புச் சுவத்துல பிள்ளைக கண்ணுக்குப் படுற எடத்துல எழுதிப் போடும்.

பிள்ளைக கொறைய எழுதிப் போட 'மாணவர் மனசு'ன்னு அரசாங்கம் ஒரு பெட்டியும் வச்சிருக்கே, உம்ம பள்ளிக்கூடத்துல அது எங்க தொங்குது? எட்மாஸ்டர் அறை வாசல்லயா? அப்ப எந்தப் பிள்ள கிட்டப் போவும்? சாவி யாருகிட்ட இருக்குன்னாவது தெரியுமா?

சான்றிதழு வந்தா சட்டம் போட்டு மாட்டிக்கிடும், ஆரு வேண்டாங்குறா? ஆனா பயிற்சி முடிஞ்சு பள்ளிக்கூடம் போனதும், எந்தப் பிள்ள சரியாச் சாப்பிடலன்னு சமையக்கட்டுல போயி விசாரியும். அடுத்த பயிற்சிக்கு ஆயாவுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லும். டீய நீரே போயி வாங்கிட்டு வந்தா ஒண்ணும் கொறஞ்சிர மாட்டீரு.