நகரும் வீடு

2019-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி ஆம்னியைத் தேடி வாங்கி, குடும்பச் சுற்றுலாவுக்கு நகரும் வீடாக்குவது ஒரு தவம். 796 சிசி எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், கொடைக்கானல் ஏறினாலும் ஓட்டுபவருக்குக் கோடைதான். பின்னால் பிளைவுட் கட்டில், மடக்கு மேசை, தண்ணீர் கேன், இரண்டாவது பேட்டரி, கூரையில் சோலார் தகடு. இவை போக மிஞ்சிய இடத்தில் குடும்பம் ஏறிக்கொள்ளலாம். மழை பெய்தால், கிழிந்த கதவு பீடிங் புண்ணியத்தில் குளியல் வசதியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோ, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டையாவதை மட்டும் யாரும் மாற்றமாகக் கருதுவதில்லை. எல்லா வேலையும் முடிந்து சாவியைத் திருகும்போது வீட்டம்மா கேட்பார்: “ராத்திரி தங்க நல்ல லாட்ஜா பார்த்துட்டீங்களா?”