வரவிருக்கும் செழிப்பு

என் அச்சகத்தில் ஒரு பழைய ஃபைல் இருக்கிறது. அடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விசிட்டிங் கார்டிலும் ஒன்றை அதில் செருகி வைப்பது அப்பா காலத்துப் பழக்கம். அதில் ஒரே ஆளுக்கு ஒரு முழுப் பக்கம் போயிருக்கிறது என்றால் அது நம்ம கோச்சுக்குத்தான். ஆறு கார்டு. ஆறிலும் ஒரே செல்போன் நம்பர்.

முதல் கார்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட். 250 ஜிஎஸ்எம் அட்டை, ஒரே கலர், பின்பக்கம் காலி. இரண்டாவது வீட்டுமனை. மூன்றாவது எடை குறைக்கும் பொடி. நாலாவது, அந்தப் பொடியை விற்க ஆள் சேர்ப்பவர்களுக்கு மேலே இருந்து ஆள் சேர்ப்பவர். ஐந்தாவதில் 'ட்ரெய்னர்' என்று மட்டும் இருந்தது, எதற்கு என்று இல்லை. ஆறாவது 350 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன், பெயர் மட்டும் பளபளக்க ஸ்பாட் யுவி, கீழே தங்க எழுத்தில் 'லைஃப் கோச்'. அன்றாட வளர்ச்சி என்று அவர் மேடைக்கு மேடை சொல்வதற்கு என் கையில் இருக்கும் ஒரே சாட்சி இந்த அட்டைக் கனம்தான்.

முதல் நாலு கார்டு வரை அவரைத் 'தம்பி' என்றேன். ஐந்தாவதில் 'சார்'. ஆறாவதுக்கு ஃப்ரூஃப் பார்க்க வந்த அன்று, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, இனிமே 'கோச்'னே கூப்பிடுங்க. அந்த வார்த்தையில ஒரு எனர்ஜி இருக்கு" என்றார். உள்ளே மெஷின் துடைத்துக்கொண்டிருந்தவன் தலையை நீட்டி, "ஸ்லீப்பரா, செமி ஸ்லீப்பராண்ணே?" என்றான்.

மதுரை மே மாத வெயிலில் கோட்டு போட்டு நடக்கிற ஆளைப் பார்த்தால் அவர் வக்கீலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் லைஃப் கோச். வக்கீல் கோர்ட்டைத் தாண்டினால் கழற்றிவிடுவார். கோச் கழற்ற மாட்டார். எப்படி இருக்கீங்க என்று கேட்டால் அரை நொடி கண்ணை மூடித் திறந்து, "அற்புதமா இருக்கேன்" என்பார். நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பரம்பரையாக வரும் பதில் "ஏதோ ஓடுது". ஒரு தடவை நான் அப்படிச் சொல்லிவிட்டேன். பதறிப்போனார். "அப்படிச் சொல்லாதீங்கண்ணே, பிரபஞ்சம் கேட்டுக்கிட்டே இருக்கு."

"இன்கம் டாக்ஸ்காரங்களும் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. அதுக்குத்தான் அப்படிச் சொல்றது" என்றேன்.

இந்தத் தொழிலின் பூர்வீகத்தையும் நான் அவருடைய நோட்டீசை டைப் அடித்தே தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் தாமஸ் லெனார்ட் என்று ஒரு நிதி ஆலோசகர். பணத்துக்கு யோசனை கேட்க வந்தவர்கள் வாழ்க்கைக்கும் யோசனை கேட்கவே, 1992-இல் அதற்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1995-இல் சர்வதேசக் கூட்டமைப்பே வந்துவிட்டது. நம் பக்கத்தில் அதற்கெல்லாம் முன்பே அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி' இருந்தது, எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' இருந்தது. அவற்றை வாங்கினோம், அடிக்கோடிட்டோம், தம்பிக்குக் கொடுத்தோம். எழுதியவர் காலை ஐந்து மணிக்குப் போன் செய்து எழுந்துவிட்டாயா என்று கேட்கவில்லை. கோச் கேட்பார். ராபின் சர்மாவின் 'ஐந்து மணிக் கிளப்' புத்தகம் 2018-இல் வந்ததிலிருந்து அவர் 4.55-க்கு ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டை இறக்குகிறவர்களுக்கு அது பாதி வேலை முடிந்த நேரம். அவர்களுக்கும் ஒரு கிளப் இருக்கிறது, டீக்கடை என்று பெயர்.

இரண்டு வருடத்துக்கு முன் கோச் ஒரு பெரிய ஆர்டரோடு வந்தார். '365 நாள் நன்றி' என்று ஒரு டைரி. பக்கத்துக்கு மூன்று புள்ளிக் கோடு, தினம் மூன்று விஷயத்துக்கு நன்றி எழுத. கீழே ஒரு கட்டம், தலைப்பு 'இன்றைய 1% வளர்ச்சி'. அச்சுக்காரன் மனம் உடனே பாரக் கணக்குக்குப் போய்விடும். பாரத்துக்குப் பதினாறு பக்கம். 23 பாரம் போட்டால் 368 பக்கம். மிச்சம் மூன்று: ஒன்று தலைப்புக்கு, ஒன்று கோச்சின் கைகட்டிய படத்துக்கு, ஒன்று நன்றியுரைக்கு.

முன்னுரை மாதிரி மேலட்டைக்குள் ஒட்டும் துண்டுத்தாளில் ஆராய்ச்சி எல்லாம் இருந்தது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்டது. மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, ஒரு குழு நன்றிக்குரியதை எழுத வேண்டும், இன்னொன்று எரிச்சலூட்டியதை எழுத வேண்டும். நன்றி எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றித் தெம்பாக உணர்ந்தார்களாம். அது நிஜமான ஆராய்ச்சிதான், நானும் தேடிப் படித்தேன். படித்ததில்தான் வம்பு. அந்த மாணவர்கள் தினமும் எழுதவில்லை, வாரத்துக்கு ஒரு முறை, பத்து வாரம். அதற்குப் பிறகு சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும் 2005-இல் எழுதியதில், வாரம் ஒரு தடவை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, வாரம் மூன்று தடவை எண்ணியவர்களுக்குத் தெரியவில்லை என்று இருக்கிறது. அளவு கூடினால் புளித்துவிடும் போலிருக்கிறது.

இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாரத்துக்கு ஒன்று என்றால் 52 பக்கம், மூணேகால் பாரம். 23 பாரத்தை மூணேகாலாக வெட்டுகிற ஆராய்ச்சியை எந்த அச்சுக்காரன் வாயால் சொல்வான்? ரீம் ரீமாகத் தாள் இறக்கினேன்.

300 பிரதி. பில் 43,400. அட்வான்ஸ் 25,000 போக 18,400 நின்றது. ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். சிரித்தார். "அண்ணே, அதைப் 'பாக்கி'ன்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தை உங்களுக்கே தடை. 'வரவிருக்கும் செழிப்பு'ன்னு சொல்லிப் பாருங்க."

நோட்டில் அந்தத் தலைப்பையும் எழுதி வைத்துப் பார்த்தேன். செழிப்பு அப்படியேதான் இருந்தது.

நன்றியுரைப் பக்கத்தை நான் ஒழுங்காகப் படித்திருந்தால் முதலிலேயே உஷாராகியிருப்பேன். பிரபஞ்சம் முதலில், பிறகு ஆக்சிஜன், பெற்றோர், ஹால் மேனேஜர் என்று இறங்கி வந்து கடைசி வரியில், 'இந்நூலை அச்சிட்டு உதவிய அண்ணன்' என்று இருந்தது. அச்சிட்டுத் தந்த என்றால் கூலி உண்டு. அச்சிட்டு உதவிய என்றால் பில் கிடையாது. ஒரு பெயரெச்சத்துக்கும் இன்னொரு பெயரெச்சத்துக்கும் நடுவில் 18,400 ரூபாய் போய்விட்டது. முப்பது வருடம் ஃப்ரூஃப் பார்த்தவன் நான்.

தினம் ஒரு சதவீதம் வளர்ந்தால் வருடக் கடைசியில் 37.78 மடங்கு ஆகிவிடுவோம் என்பது கோச்சின் உச்சகட்டக் கணக்கு. கணக்கு சரி, கால்குலேட்டரில் போட்டேன். அதே கால்குலேட்டரில் 18,400-ஐயும் அதன்படி வளர்த்தேன், ஏழு லட்சத்துக்கு அஞ்சாயிரம் குறைவு. ஆனால் தினம் ஒரு சதவீதத்துக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் பெயராகச் சொல்லித் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டமே வந்தது. மனிதர்கள் அந்த வேகத்தில் வளரலாம், பணம் கூடாது.

பாக்கிக்கு ஈடாக எங்கள் ஆட்களுக்கு இலவச வகுப்பு எடுக்கிறேன் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். மூன்று பேர் ஆட்கள். மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். கண்ணை மூடச் சொன்னார். மெஷின்மேன் நிஜமாகவே தூங்கிவிட்டான். டிடிபி பெண் நல்ல பிள்ளையாக, "கரண்ட் இருந்ததுக்கு நன்றி" என்று எழுதினாள். பைண்டிங் அக்கா பேனாவைத் தொடவில்லை.

"எழுதுங்கக்கா. உங்களுக்கு நல்லது செஞ்சவங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

"இருக்காரு தம்பி. மகளுக்குக் காய்ச்சல்னப்ப ராத்திரி கடையைத் திறந்து அஞ்சாயிரம் குடுத்தாரு. வட்டியும் கேக்கல, எப்போன்னும் கேக்கல."

"அருமை! அவர் பேரை எழுதுங்க."

"ஐயோ, எழுத மாட்டேன். இத யாராச்சும் படிச்சுட்டு அவருகிட்டப் போய்க் கடன் கேட்டு நின்னா? மனுசன் இல்லன்னு சொல்லத் தெரியாதவரு."

கோச் எத்தனையோ மேடை பார்த்தவர். அன்றைக்குக் கொஞ்ச நேரம் மைக் இல்லாத ஆள் மாதிரி நின்றார். பிறகு, "சரி, பிரபஞ்சத்துக்குன்னு பொதுவா எழுதிருங்க" என்றார்.

அந்த டைரியில் ஒரு விபத்து நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மேலட்டை டைப் அடிக்கும்போது 'ந' இருக்க வேண்டிய இடத்தில் 'ப' விழுந்துவிட்டது. '365 நாள் பன்றி'. தங்க எழுத்து வேறு. ஃப்ரூஃபை டிடிபி பெண் பார்த்தாள், நான் பார்த்தேன், கோச் பார்த்து, 'அற்புதம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நூறு பிரதி ஒட்டி முடித்த பிறகு, ஐந்தாவது வரை படித்த பைண்டிங் அக்காதான் கேட்டது: "என்னண்ணே, பன்னி பத்தின புஸ்தகமா?"

மிச்சம் 200-க்கு வேறு அட்டை அடித்தேன், என் செலவில். "தவறு என்பது வளர்ச்சியின் வாசல்" என்று கோச் வாட்ஸ்அப்பில் ஆறுதல் அனுப்பினார். வாசலில் நூறு பிரதி மூலையில் அடுக்கிக் கிடந்தது.

ஒருநாள் பில் புக் அடிக்க ஒரு வெண்பன்றிப் பண்ணைக்காரர் வந்தார். அட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். புரட்டினார். மூன்று கோடு, கீழே ஒரு கட்டம். "காலை, மதியம், சாயங்காலம், தீவனம் எழுதலாம். வளர்ச்சிக்குத் தனிக் கட்டமே குடுத்திருக்கான்யா. எடை போட்டு எழுதிக்கலாம். யாரு இத யோசிச்சது?" என்று கேட்டு, பிரதி நாற்பது ரூபாய்க்கு நூறையும் எடுத்துக்கொண்டு, தெரிந்த பண்ணைகளுக்கெல்லாம் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அந்த டைரியை ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு நாள் விடாமல் எழுதியவர்கள் அவர்கள்தான். நாலாயிரத்தைக் கோச் கணக்கில் கழித்து, 14,400 நிற்கிறது என்று சொன்னேன். "பாத்தீங்களாண்ணே! பிரபஞ்சம் குடுத்துருச்சு" என்றார். பண்ணைக்காரர் குடுத்தார் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

போன மாதம் இரண்டாம் பதிப்புக்கு வந்தார். மாதிரிக்கு ஒரு பக்கத்தை அவர் கையெழுத்திலேயே அச்சிட வேண்டும், அதற்காகத் தான் எழுதிய டைரியையே கொடுத்துவிட்டுப் போனார். நல்லதாக ஒரு பக்கம் நீங்களே எடுங்கள் என்றார். உட்கார்ந்து புரட்டினேன். ஜனவரி முதல் வாரம் சூரியன், ஆக்சிஜன், இதயத் துடிப்பு. இரண்டாம் வாரம் சிம்மக்கல் சிக்னலுக்கு நன்றி, பொறுமை கற்றுத் தந்ததற்கு. பைக் இஎம்ஐ-க்கு நன்றி, பொறுப்பு கற்றுத் தந்ததற்கு. 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் எழுதியதிலிருந்து கிளம்பிய ஒரு நம்பிக்கை உண்டு, கோச்சின் வகுப்புகள் அதன் மேல்தான் நிற்கின்றன. ஜனவரி 22-ஆம் தேதி பார்த்தேன். 'மேற்படி' என்று இருந்தது. 23, மேற்படி. அடுத்த மூன்று வாரம் அந்த ஒரு வார்த்தைதான்.

பிப்ரவரி 17-இல் கட்டத்துக்குள் சின்ன எழுத்தில்: 'யாரும் வரவில்லை. ஹால் வாடகை 3,500. எத்தனை பேர் வந்தார்கள் என்று அம்மா கேட்டாள். நாற்பது என்றேன். இருநூறு ரூபாய் கொடுத்துக் கறி எடுத்து வரச் சொன்னாள்.' மேலே மூன்று புள்ளிக் கோடும் காலி.

ஜனவரி 5-ஐ ஸ்கேன் செய்துகொண்டு டைரியை உறை போட்டு வைத்தேன். வாங்க வந்தபோது பாக்கி கேட்கவில்லை. டீ சொன்னேன். குடித்துவிட்டு, கோட்டின் உள்பையில் கையை விட்டு ஒரு ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டு வருடத்தில் வந்த முதல் தாள். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"ரொம்ப நன்றி தம்பி."

கோச் முகம் மலர்ந்துவிட்டது. தம்பி என்றதைக்கூடத் திருத்தவில்லை. "அண்ணே, அதை அப்படியே கையை நெஞ்சில வச்சு இன்னொரு தடவை சொல்லுங்க" என்று போனை எடுத்து நீட்டினார். சொன்னேன். ஐநூறு ரூபாய்க்கு இரண்டு தடவை சொல்லலாம்.

இந்த வாரம் இரண்டாம் பதிப்பின் பின்னட்டை ஃப்ரூஃபுக்கு வந்தது. மூன்று பேரின் அனுபவம் போட்டிருந்தார். நடுவில் என் படம், கை நெஞ்சில். பக்கத்தில், 'முப்பது வருடம் நன்றி சொல்லத் தெரியாமல் வாழ்ந்தேன். கோச்சிடம் இரண்டே வருடத்தில் கற்று கொண்டேன். அச்சக உரிமையாளர், மதுரை.'

சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'கற்று'க்குப் பக்கத்தில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. போட்டேன். 'ந' எல்லாம் 'ந'வாக இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பினேன். பண்ணைக்காரரும் நூறு பிரதி சொல்லியிருக்கிறார், பழைய அட்டையோடு.