இரண்டரை நிமிடச் சொர்க்கம்

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டின் 'ஸ்பேஸ் மவுண்டன்' சவாரி ஓடுவது சுமார் இரண்டரை நிமிடம். கூட்ட நாளில் வரிசையோ ஒரு மணி நேரத்தைத் தாண்டும். 1999இல் முந்திப் போக 'ஃபாஸ்ட்பாஸ்' சீட்டை இலவசமாகத் தந்தார்கள். 2021இல் அதை மூட்டைகட்டிவிட்டு, முந்துவதற்கு விலை வைத்தார்கள். சிறப்புத் தரிசனச் சீட்டு கண்ட நமக்கு இதெல்லாம் புதிதா? என்ன, நம் ஊரில் எலி வாகனம்; அங்கே எலிதான் மூலவர்.

வரிசையின் முழு நீளம் தெரிந்தால் சனம் ஓடிவிடும் என்று அதை மடித்து மடித்து, சுவருக்குப் பின்னால் ஒளித்து, நடுநடுவே வேடிக்கையும் காட்டுகிறார்கள். கெட்டிக்காரர்கள்.

சரி, ஏறலாமா? தாராளமாக. அவ்வளவு நேரம் நின்ற காலுக்கு, உட்கார ஒரு சீட்டு கிடைக்கிறதே!