கூடிய கூட்டமும் கூட்டிய கூட்டமும்

கலிஃபோர்னியாவில் மான்டரே ஊருக்குப் பக்கத்தில், வறண்ட குன்றுகளுக்கு நடுவே லகுனா செகா பந்தயத் தடம் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் ஒரு வார இறுதியில், வயதாகி ஓய்வுபெற்ற பந்தயக் கார்களையெல்லாம் அங்கே மறுபடி ஓடவிடுவார்கள். 1974இல் ஸ்டீவ் எர்ல் என்பவர் தொடங்கி வைத்த வழக்கம். எங்கள் ட்ரையம்ஃப் கார் கிளப்பும் போகும். தடத்துக்குள்ளேயே கிளப்புக்கென்று கயிறு கட்டி ஒதுக்கிய இடத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். சொல்வதற்கு இவ்வளவுதான். ஏற்பாடு ஜனவரியிலேயே தொடங்கிவிடும்.

அந்த ஏற்பாடு என் பொறுப்பு. இந்தியன் என்றால் கம்ப்யூட்டரில் கணக்குப் போடத் தெரியும் என்று ஒரு கூட்டத்தில் முடிவாகிவிட்டது. யாரும் எதிர்க்கவில்லை, நானும் எதிர்க்கவில்லை.

கூகுள் ஷீட்டில் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வண்டியின் மாடல், ஆண்டு, நிறம். ஓட்டி வருகிறாரா, ட்ரெய்லரில் ஏற்றி வருகிறாரா. காப்பீட்டுச் சான்றிதழ் வந்ததா. விபத்து நேர்ந்தால் யார்மீதும் வழக்குப் போடமாட்டேன் என்ற படிவத்தில் கையெழுத்து ஆயிற்றா. மதியச் சாப்பாட்டில் கோதுமை ஒத்துக்கொள்ளுமா. வண்டிக்குக் கீழே அட்டை விரிப்பாரா (பிரிட்டிஷ் கார் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும், தரையைக் கெடுத்த கிளப் என்ற பெயர் வரக்கூடாது). இவற்றில் எதிலும் சண்டை வந்ததில்லை. சண்டையெல்லாம் கூடாரத்தை எங்கே போடுவது என்பதில்தான். மேட்டில் போட்டால் பந்தயம் நன்றாகத் தெரியும், பள்ளத்தில் போட்டால் கழிப்பறை பக்கம். எங்கள் உறுப்பினர்களின் வயதைக் கேட்காதீர்கள். கூடாரம் எப்போதும் பள்ளத்தில்தான் போடப்படுகிறது.

நாங்கள் முன்பு பந்தயம் பார்க்கப் போன சோழவரத்தில் இந்தத் தகராறுக்கு இடமில்லை. எங்கள் கண்ணில் பட்டவரை அங்கே கழிப்பறை கிடையாது, கருவேலம்புதர்தான்.

மெட்ராஸுக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, சிமென்ட் தரை மிச்சமிருந்தது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தரையில் கார்களையும் பைக்குகளையும் ஓடவிட்டது. நான் சொல்வது எழுபதுகளின் கதை. பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கும் பருவம். சனிக்கிழமை ராத்திரி தெருமுனையில் ஒருவன் "நாளைக்கு ரேஸுடா" என்று சொன்னால் போதும், அதுதான் அழைப்பிதழ். விடிவதற்குள் ஜாவாவும் எஸ்டியும் ராஜ்தூத்தும் ஆளுக்கு மூன்று பேரைச் சுமந்துகொண்டு வடக்கே புறப்படும். பஸ்ஸில் தொங்குகிறவர்கள், லாரியில் ஏறிக்கொள்கிறவர்கள், பாதி தூரம் சைக்கிளில் வந்து மீதி தூரத்துக்குக் கை காட்டுகிறவர்கள். யார் இவர்களைத் திரட்டினார்கள்? யாரும் திரட்டவில்லை.

நாங்கள் சித்தப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் போவோம். யாரை ஏற்றிக்கொள்வது என்று அவர் யோசித்ததே இல்லை, யாரை இறக்கிவிடுவது என்பதுதான் அவருடைய பிரச்சினை. சித்தி கட்டிக்கொடுத்த புளியோதரை ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் படிவம் நீட்டவில்லை. எங்களுக்கு இருந்த ஒரே கவலை, வண்டி போய்ச் சேருமா என்பது. வழியில் ரேடியேட்டர் கொதிக்கும். செங்குன்றத்தில் ஏரி இருந்ததால் தண்ணீருக்குக் குறைவில்லை. இன்று என் கிளப்பில் எல்லா வண்டியும் ஓடும், சிலது ஓட்டாமலே பளபளப்பாகவும் இருக்கும். ஆட்களை வரவழைக்கத்தான் ஏழு மாதம் மின்னஞ்சல் போடவேண்டியிருக்கிறது.

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மிக்கெலொட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்தது. 1961இல் நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று பெயர் மாறிப் பிறந்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரையே 1963இல் கைவிட்டுவிட்டார்கள், நாம் 1988 வரை விடவில்லை. முகப்பும் முன் மட்கார்டும் ஒரே மூடியாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், டயர்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், மாம்பலத்துச் சந்துகளுக்கென்றே அளவெடுத்த மாதிரி. பின் அச்சில்தான் கோளாறு. ஆள் கூடினால் பின்சக்கரங்கள் இரண்டும் பாரம் ஏற்றிய கழுதையின் கால்போல அகன்றுவிடும். ஃபியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை இல்லாதவன் வாங்குகிற கார் என்று ஊரில் பேச்சு. சித்தப்பா இதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அதை உயிரோடு வைத்திருந்தவர் புதுப்பேட்டையில் ஒரு பாய். அவர் கடையில் எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வந்தது என்று கேட்பது மரியாதைக் குறைவு. ஒருமுறை சித்தப்பா கேட்டுவிட்டார்.

"பாய், இது நம்ம வண்டியோடது இல்லபோல இருக்கே?"

"யார் வண்டியோடதா இருந்தா என்னா சார்? ஒக்காந்துச்சா, இல்லியா?"

உட்கார்ந்தது. மறுநாள் சோழவரமும் போய் வந்தது.

இந்தப் பாயை நான் எங்கள் கிளப்புக்கு அழைத்துவந்தால் நெஞ்சடைத்து விழுவார். இங்கே ஒரு வண்டியின் தண்ணீர்க் குழாயை இறுக்கும் கிளிப், அந்த வருடத்துக் கிளிப் அல்ல என்று ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும். போல்ட்டின் தலையில் என்ன எழுத்து பொறித்திருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனிதர் ஒருவர் இருக்கிறார். நல்லவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர் வரிசையில் நடந்து வந்தால் எல்லாரும் தங்கள் வண்டியின் முகப்பை மெல்ல மூடிவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், நாலு கெஜம் தள்ளி வேலிக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கும் பந்தயக் கார் எதுவும் இந்தச் சோதனையில் தேறாது. பந்தயக் கார் அடிபடும், இன்ஜின் மாறும், கதவு மாறும், அடுத்த வாரம் பந்தயத்துக்கு எது கிடைக்கிறதோ அது ஏறும். பந்தயத்தின் நியாயம் புதுப்பேட்டை நியாயம்தான். பார்க்க வந்தவர்களுக்குத்தான் அசல் வேண்டியிருக்கிறது.

இரண்டு இடமும் பட்டாளத்து நிலமாக இருந்தவை என்பதில் எனக்கு ஒரு திருப்தி. மான்டரே பக்கம் முதலில் பெபிள் பீச்சில், மரங்களுக்கு நடுவே போகிற சாலையில் பந்தயம் விட்டார்கள். 1956இல் எர்னி மக்காஃபி என்ற ஓட்டுநர் மரத்தில் மோதி இறந்தார். அதோடு அந்தச் சாலைப் பந்தயம் முடிந்தது. ஃபோர்ட் ஆர்ட் ராணுவ நிலத்தில் லகுனா செகாவைக் கட்டி 1957இல் திறந்தார்கள். அப்போது சுற்றிலும் வெறும் குன்றுகள். பிறகு வீடுகள் வந்தன. வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் பிடிக்கவில்லை. இன்று ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அங்கே டெசிபல் கணக்கு உண்டு, அளவு மீறினால் கொடி காட்டி வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். சோழவரத்தில் அம்பாசடரைப் பந்தயக் காராக மாற்றுவதற்கு முதல் வேலை சைலன்ஸரைக் கழற்றுவது. சிலருக்குக் கடைசி வேலையும் அதுதான்.

இங்கே ஓட்டுகிறவர்களின் ஒழுக்கமும் வேறு. அமெரிக்காவில் பழைய கார்ப் பந்தயம் நடத்தும் பல அமைப்புகளில் ஒரு விதி இருக்கிறது. அடுத்தவன் காரில் இடித்தால் 13 மாதம் வெளியே. திரும்பி வந்தபின் இன்னொரு 13 மாதம் கண்காணிப்பு. ஜெயிப்பது முக்கியமல்ல, வண்டியை முழுதாக வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் முக்கியம். அந்த வண்டிகளின் விலையைக் கேட்டால் நமக்கும் அதுதான் தோன்றும்.

சோழவரத்தில் ஜெயிப்பது முக்கியமாக இருந்தது. கோவை கரிவர்தன் தானே கார் கட்டிக்கொண்டு வருவார். விஜய் மல்லையா எண்பதுகளில் என்சைன் என்ற பழைய ஃபார்முலா 1 காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். அது கிளம்பும்போது வயிற்றுக்குள் ஏதோ இடம் மாறும். எங்களுக்கும் காருக்கும் நடுவே வைக்கோல் கட்டும் தார் டிரம்மும்தான். இதைப் பெருமையாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது நல்ல காரியம். அதன் நீளமும் லகுனா செகாவின் நீளமும் ஏறத்தாழ ஒன்றுதான், மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் பழைய ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேசுவதென்னவோ சோழவரத்துக் கூட்டத்தைப் பற்றித்தான். அவர்கள் பேச்சில் அந்தக் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே வருகிறது.

லகுனா செகாவில் எனக்குக் கிடைக்கிற கூலி, மதிய இடைவேளையில் ஒரு சுற்று. கிளப் வண்டிகளை வரிசையாகத் தடத்தில் விடுவார்கள். முன்னால் ஒரு வழிகாட்டி வண்டி, அதை முந்தக்கூடாது. நான் ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கிறேன். ஹெரால்டின் சட்டத்தையே குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் உடம்பை வைத்த கார். முகப்பைக் கவிழ்த்தால் சித்தப்பாவின் வண்டியேதான். குன்றேறிப் போகிறபோது எதிரே வானம்தான் தெரியும். அதற்கப்புறம் கார்க்ஸ்க்ரூ. இடமும் வலமுமாக ஒடிந்து, 59 அடி கீழே விழுகிற வளைவு. வளைவின் தலைக்கு வந்தால் தடமே கண்ணில் இருக்காது. தொலைவில் நிற்கிற ஒரு ஓக் மரத்தைக் குறிவைத்து வண்டியை விடு என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். பெரிய பெரிய ஓட்டுநர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற அந்த இடத்தில், நாங்கள் பள்ளிக்கூட வேன் வேகத்தில், முன்னால் போகிறவரின் பிரேக் விளக்கைப் பார்த்துக்கொண்டு இறங்குவோம். பக்கத்துச் சீட்டில் இருக்கிற என் மனைவி கிளப் பொருளாளருக்கு போனில் பதில் அனுப்பிக்கொண்டிருப்பாள்: சாண்ட்விச் வந்துவிட்டது, ஐஸ் வரவில்லை.

அந்த ஒரு சுற்றைத் தவிர நான் பந்தயம் பார்ப்பதில்லை. காதால் கேட்பதோடு சரி. நுழைவுச்சீட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்தவரை வாசலிலிருந்து அழைத்துவர வேண்டும், காற்றில் கிளம்பப் பார்க்கும் கூடாரத்தைப் பிடிக்க வேண்டும், ஆசிரியரையும் கிளிப்காரரையும் தள்ளித் தள்ளி உட்காரவைக்க வேண்டும்.

போன வருடம் கூடாரத்து மேசையில் சித்தப்பாவின் ஹெரால்டு படத்தைச் சட்டம் போட்டு வைத்தேன். ஆசிரியர் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார். "இது யாரோ வெட்டி ஒட்டின வண்டி. ட்ரையம்ஃப் நாலு கதவு ஹெரால்டு செய்ததே கிடையாது" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. இங்கிலாந்தில் செய்யவில்லை, மெட்ராஸில் செய்தார்கள். இரண்டு கதவுக் காரின் பின்சீட்டுக்குப் பாட்டியை ஏற்றி இறக்கிப் பார்த்த எந்த ஊரும் நாலு கதவு கேட்கத்தான் செய்யும். உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. விஷயம் பரவியதும் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. நான் யாருக்கும் மின்னஞ்சல் போடவில்லை. பந்தயத்தை விட்டுவிட்டு வந்து நின்று, கதவின் கீல் எப்படி, பின் கண்ணாடி இறங்குமா, வண்டி இப்போது எங்கே என்று கேட்டார்கள்.

வண்டி எங்கேயும் இல்லை. எண்பதுகளில் சித்தப்பா எடைக்குப் போட்டார். பாயே வாங்கிக்கொண்டார். நாலு கதவும் நாலு வண்டிக்குப் போயிருக்கும், உட்கார்ந்தும் இருக்கும்.

எனவே படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருச்சியிலோ கோவையிலோ காரைக்குடியிலோ, உங்கள் வீட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்திய நாலு கதவு ஹெரால்டு கிடந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுமுன் நாலு பக்கமும் படம் எடுத்து, சேசிஸ் தகட்டில் உள்ள எண்ணையும் குறித்து வையுங்கள். முடிந்தால் வண்டியையே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வேறு வண்டியின் பாகங்கள் இருக்கிறதே என்று கூச்சப்படவேண்டாம். எங்கள் ஆசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.